லோர்னாவின் குரலுக்கு இரண்டு ஜோடி ஸ்பீக்கர்

பல்லாரட்,
6 ஏப்ரல் 1986

அன்புள்ள நெரிடா அக்காவுக்கு,

நீயும் உன் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்? டிமாருவில் டூரிஸ்ட் கூட்டம் குறைந்திருக்கும், மோட்டலில் கொஞ்சமாவது உட்கார்ந்து எழுந்திருக்க நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். இங்கே இந்த வருஷம் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. காலையில் கார் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருக்கிறது.

லோர்னா வீட்டுக்கு வந்து பதினைந்து நாளாகிறது. போனில் சொன்னதுதான். கட்டியைக் குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனி பயமில்லை என்கிறார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு சின்னத் துணி கட்டிக்கொள்கிறாள். பேச்சு கிடையாது, ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் ஒரு மின்கருவி கொடுத்தார்கள், கழுத்தில் வைத்து அழுத்தினால் ஈ பறப்பது மாதிரி ஒரே சுருதியில் பேசும். ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு டிராயரில் போட்டாள். நானும் திரும்ப எடுத்துக் கொடுக்கவில்லை.

வேறு விஷயம். 1958-இல் மெதடிஸ்ட் ஹாலில் நடந்த பாட்டுப் போட்டி டேப் உனக்கு நினைவிருக்கும். ரெக்கார்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேனே, அது. அப்போது லோர்னா யாரென்றே எனக்குத் தெரியாது. அதில் அவள் பாடியது மூன்று நிமிடப் பாட்டு. முடிந்ததும் யாரோ பெரிதாக இருமுகிறார்கள், அவள் சிரிக்கிறாள். அதைப் போன வாரம் போட்டுக் கேட்டேன். நம் பழைய ஸ்பீக்கரில் அது அவளாகவே இல்லை அக்கா. கம்பளிக்குள் வாயை வைத்துப் பாடுவது போலிருக்கிறது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே ஆள் இருந்ததால் எனக்கு இது தெரியவே இல்லை.

மெல்பர்னில் கடை வைத்திருக்கும் பாஸ்கோ எங்கள் ஒலி மன்றத்து ஆள்தான். இரண்டு ஜோடி கொடுத்தனுப்பியிருக்கிறான், வீட்டிலேயே வைத்துக் கேட்டுப் பார் என்று. ஒன்று டென்மார்க் பெட்டி. இன்னொன்று இங்கிலாந்துத் தட்டை ஸ்பீக்கர், கதவு மாதிரி நிற்கிறது, உள்ளே அதிர்கிற காகிதக் கோனே கிடையாது, வெறும் மெல்லிய தாள். இரண்டில் எது அவளுடைய சிரிப்பைச் சரியாகக் கொடுக்கிறதோ அதை வாங்குவதாக இருக்கிறேன். கேரவனை விற்றுவிட்டால் பணம் சரியாக இருக்கும்.

லோர்னா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் தம்பி,
ஆல்வின்


டிமாரு,
27 ஏப்ரல் 1986

அன்புள்ள ஆல்வினுக்கு,

முட்டியைக் கேட்டதற்கு நன்றி, அது என்னைவிடச் சுறுசுறுப்பாக வேலை பார்க்கிறது. ஈஸ்டருக்கு வந்த பஸ் கூட்டம் விட்டுப் போன போர்வைகளை இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது போ.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். லோர்னாவுக்கு ஒன்பது வரி, ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம். அவள் என்ன சாப்பிடுகிறாள்? தூங்குகிறாளா? அழுதாளா? முப்பது வருஷமாகத் தெருமுனை வரை கேட்கும்படி பேசிய பொம்பளை அவள். என் கல்யாணத்தில் பாதிரியாரையே "சீக்கிரம் முடிங்க சாமி, ஆட்டுக்கறி ஆறுது"ன்னு சொன்னவள். அவள் ஸ்லேட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ எனக்கு அதை எழுது.

கேரவனை விற்பது பற்றி அவளிடம் கேட்டாயா? குளிர்காலத்தில் வெயிலைத் தேடி வடக்கே போகவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது அவள்தான்.

வழக்கம்போல மாதத்து முதல் ஞாயிறு, உங்கள் ஊர் ஆறு மணிக்குப் போன் பண்ணுகிறேன். அவளைப் பக்கத்தில் உட்கார வை. நான் பேசுவதையாவது கேட்கட்டும்.

அன்புடன்,
அக்கா


பல்லாரட்,
18 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. முட்டிக்குச் சூடு வைத்துக்கொள், அலட்சியம் பண்ணாதே.

லோர்னா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு. ஏதோ மூச்சுப் பயிற்சி போல. நான் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன்.

புது ஸ்பீக்கரை உடனே கேட்டு முடிவு பண்ணக்கூடாது. இருநூறு மணி நேரமாவது ஓட்டிப் பழக்கவேண்டும், அப்போதுதான் இறுக்கம் தளரும். அதனால் பெட்டிகள் இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து மேலே கம்பளி போர்த்திக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ரேடியோவை ஓடவிட்டேன். பெட்டி முடிந்து இப்போது தட்டை. தட்டைக்குச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் குரல் கலங்கிவிடும். அதனால் ஜன்னலோரம் இருந்த லோர்னாவின் நாற்காலியைச் சமையலறைக்கு மாற்றியிருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியில் அவள் குரலுக்கு நெஞ்சு இருக்கிறது, ஆனால் தொண்டை கொஞ்சம் வறண்டுவிடுகிறது. தட்டையில் உதடு பிரிவது கூடக் கேட்கிறது, ஆனால் ஆள் மெலிந்துவிட்டாள். மன்றத்து டார்சி, அதுதான் மருந்துக்கடை வைத்திருந்த டார்சி, வந்து கேட்டுவிட்டு, "ஒத்தை மைக்குல எடுத்த மோனோ டேப்புக்கு எதுக்குய்யா ரெண்டு ஸ்பீக்கர்?" என்று சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும். இரண்டும் சரியாக இருந்தால்தான் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், அவள் நிற்பாள்.

லோர்னாவையே உட்காரவைத்து "எதுல நீ உன்னை மாதிரி இருக்கே?" என்று கேட்டேன். ஸ்லேட்டில் "தெரியலை" என்று எழுதினாள். கொஞ்சம் கவனமாகக் கேள் என்று மறுபடி போட்டேன். "முதல்லது" என்று எழுதிவிட்டு எழுந்து போனாள். முதலில் போட்டது எது என்பதைக்கூட அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஆல்வின்


டிமாரு,
8 ஜூன் 1986

அன்புள்ள ஆல்வினுக்கு,

சூடும் வைத்தாயிற்று, மாத்திரையும் போட்டாயிற்று. என் முட்டியை விடு.

போன ஞாயிற்றுக்கிழமை சரியாக ஆறு மணிக்குப் போன் பண்ணினேன். வெகுநேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள், ஆனால் பேச்சே இல்லை. கரகரவென்று எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம், நடுவில் ஒரு ஏப்பம் மாதிரி. பின்னால் உன் ரேடியோ. நான் "ஹலோ, ஹலோ, ஆல்வின்! என்ன இழவு லைன் இது!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். டெலிபோன்காரனைக் கூப்பிட்டுச் சரிபண்ணு. கடலுக்கு இந்தப்பக்கம் இருக்கிறவளுக்கு இந்த ஒரு போன்தான் இருக்கிறது.

நாற்காலி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி அது. ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் சொல்லுவாள், அறிவு கெட்டவனே?

நாள் முழுக்க ரேடியோவை அலறவிட்டு ஒரு நோயாளியை எப்படி வீட்டில் வைத்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வடக்கே போ.

அக்கா


பல்லாரட்,
22 ஜூன் 1986

அன்புள்ள நெரிடா அக்காவுக்கு,

நான் லோர்னா. நலமாக இருக்கிறேன், நிஜமாகவே. கழுத்துத் துணி பின்ன ஆரம்பித்திருக்கிறேன், இதுவரை ஏழு நிறம். உங்களுக்கு முட்டி, எனக்குத் தொண்டை. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும்.

உங்கள் கடிதத்தை ஆல்வின் மேஜையில் விட்டுப் போயிருந்தார், படித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். டெலிபோனில் கோளாறு ஏதும் இல்லை. எடுத்தது நான். சொன்னது உங்கள் பெயர்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு மூச்சுப் பயிற்சி இல்லை. காற்றை விழுங்கி, அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அதை வைத்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட்க அசிங்கமாகத்தான் இருக்கும். பதினோரு வார்த்தை வருகிறது. ஒன்றிலிருந்து நான்கு வரை எண்ணுவேன். டீ, ரொட்டி, போ, வா, சரி, ஆல்வின். பதினோராவது நெரிடா. அதற்கு மூன்று வாரம் பிடித்தது. உங்களிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாம், முகம் பார்க்காமல் போனில் சொல்வது சுலபம் என்று நினைத்தேன்.

ஆல்வினுக்கு இது தெரியாது. இந்த வீட்டில் யார் பேசினாலும் கேட்காத அளவுக்கு ரேடியோ ஓடுகிறது, அது எனக்கு வசதி. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழகுகிறேன்.

அக்கா, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தாயிரம் டாலர் ஸ்பீக்கரைத் தொண்டை கொஞ்சம் வறண்டிருக்கிறது என்று தள்ளிவைக்கிற மனுஷர் அவர். அந்த டேப்பில் இருக்கும் பெண்ணை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறார். அவளைக் கேட்டுவிட்டு வந்த காதில் நான் எப்படி இந்தத் தவளைக் குரலை எடுத்துக்கொண்டு போய் நிற்பது? ஒரு தடவை அவர் முகம் சுளித்துவிட்டால் போதும், நான் திரும்ப வாயைத் திறக்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

அவரிடம் சொல்லாதீர்கள். இது நானே சொல்லவேண்டியது.

அன்புடன்,
லோர்னா


டிமாரு,
6 ஜூலை 1986

என் கண்ணு லோர்னாவுக்கு,

இன்று முதல் ஞாயிறு. போனைத் தொடவே கை வரவில்லை. என் பெயரைச் சொல்ல மூன்று வாரம் கஷ்டப்பட்டவளின் காதில் இழவு என்று கத்திவிட்டு வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நீ அதை ஒரு புகார் போலக்கூட எழுதவில்லை, அதுதான் தாங்கவில்லை.

சொல்லமாட்டேன். சத்தியம்.

ஆனால் நீயும் ரொம்ப நாள் தள்ளாதே. அவன் முட்டாளே தவிர கல்நெஞ்சன் இல்லை.

உன்,
நெரிடா


பல்லாரட்,
20 ஜூலை 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மாதம் உன் போன் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே லைனைப் பரிசோதித்துவிட்டார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

ஒரு வழியாக முடிவுக்கு வரப்போகிறேன். எனக்கே அலுத்துவிட்டது. காலையில் பெட்டிதான் என்று தோன்றுகிறது, மத்தியானம் தட்டை. கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டால் காது ஏமாந்துபோகும், அதுதான் காரணம். மன்றத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. குறுக்கே கறுப்புத் துணி கட்டிவிடுவோம். துணிக்குப் பின்னால் ஒருவர் நின்று வயரை மாற்றி மாற்றி இணைப்பார். எது ஓடுகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். "ஒன்று", "இரண்டு" என்று மட்டும் குரல் கொடுப்பார். நாங்கள் வாயைத் திறக்காமல் தாளில் மதிப்பெண் போடுவோம். இரண்டும் ஒரே அளவு சத்தம்தானா என்று முதலிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வோம், ஏனென்றால் கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று எந்தக் காதும் நம்பிவிடும்.

இதில் எப்போதும் ஒரு தொல்லை. பின்னால் நிற்கிற ஆள் எவ்வளவுதான் அடக்கினாலும் தனக்குப் பிடித்த ஸ்பீக்கர் வரும்போது குரலில் தெரிந்துபோகும். டார்சி நின்றால் "ஒன்று" என்பதிலேயே நமக்கு விடை கிடைத்துவிடும். நேற்றுதான் எனக்கு உதித்தது, லோர்னா இருக்கிறாளே! அவளால் எதையும் காட்டிக்கொடுக்க முடியாது. கையில் ஒரு மணியைக் கொடுத்துவிட்டால் போதும். ஒரு தடவை அடித்தால் ஒன்று, இரண்டு தடவை அடித்தால் இரண்டு. கேட்டேன், ஸ்லேட்டில் "சரி" என்று எழுதினாள். ரொம்ப நாள் கழித்து அவளும் இதில் கலந்துகொள்வதில் எனக்குச் சந்தோஷம்.

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. ஐந்து பேர் வருகிறார்கள், பாஸ்கோவையும் சேர்த்து.

அன்புடன்,
ஆல்வின்


டிமாரு,
4 ஆகஸ்ட் 1986

ஆல்வின்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று போனில் சொன்னேன், நீ "அக்கா, மணிதானே அடிக்கப்போறா, மாடா மேய்க்கப்போறா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். லோர்னாவைத் துணிக்குப் பின்னால் நிறுத்தாதே. ஏன் என்று கேட்காதே, என்னால் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் இதுவரை உன்னிடம் காரணம் சொல்லாமல் எதையும் கேட்டதில்லை. இதை ஒன்றை மட்டும் கேள்.

அக்கா


பல்லாரட்,
24 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. சனிக்கிழமை முடிந்து இரண்டு நாள் கழித்து. அதன் பிறகு இரண்டு வாரம் இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எல்லாரும் வந்தார்கள். லோர்னா சாசேஜ் ரோல் பண்ணி அடுப்பில் வைத்திருந்தாள். துணிக்குப் பின்னால் போனாள். நாங்கள் ஐந்து நாற்காலியிலும் ஒரு ஸ்டூலிலுமாக உட்கார்ந்தோம், எனக்கு நடு நாற்காலி. டார்சி பென்சிலைச் சீவி எல்லாருக்கும் கொடுத்தான். நான் டேப்பைப் போட்டுவிட்டு, "ரெடி, லோர்னா" என்றேன். மணிக்காகக் காத்திருந்தோம்.

மணி அடிக்கவில்லை. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, ஏதோ கிழிகிற மாதிரி. நான் துள்ளி எழுந்து, "நிறுத்துங்க! இடது பெட்டி போச்சு! கோன் கிழிஞ்சிருச்சு!" என்று கத்தினேன். பாஸ்கோவும் "அய்யோ" என்று எழுந்தான், அவன் சாமான் அல்லவா. நான் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஓடிப் போய் என்ன பண்ணினேன் தெரியுமா? பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு, அதில் காதை வைத்துக் கேட்டேன். லோர்னா ஒரு அடி தள்ளி நிற்கிறாள். அவளை நான் பார்க்கவில்லை.

மறுபடி அந்தச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாய் அசைந்தது. "ஒன்று" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாற்பது வருஷமாகக் காது, காது என்று பீற்றிக்கொண்டவன் நான். பெண்டாட்டி பேசுவதைக் கேட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று ஊரைக் கூட்டினேன்.

டார்சிதான் முதலில் எழுந்தான். தாள்களை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாசேஜ் ரோலை யாரும் தொடவில்லை. லோர்னா மணியை டேப் ரெக்கார்டர் மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போய், "எப்ப கத்துக்கிட்டே? ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்லேட்டைக்கூட எடுக்கவில்லை.

அதிலிருந்து பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. உனக்கு முன்பே தெரியும், இல்லையா? நான் என்ன செய்யட்டும் அக்கா?

ஆல்வின்


டிமாரு,
14 செப்டம்பர் 1986

அன்புள்ள தம்பிக்கு,

தெரியும். ஜூன் மாதத்திலிருந்து தெரியும்.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன், ஏனென்றால் எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஜூன் ஒன்றாம் தேதி உன் வீட்டு லைனில் கோளாறு என்று எழுதினேனே, அது அவள். என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நான் வைத்துவிட்டேன். நீயாவது ஓடிப் போய்ப் பார்த்தாய்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. முதலில் அந்த ரேடியோவை நிறுத்து. நாற்காலியை எடுத்த இடத்தில் போடு. பிறகு சும்மா இரு. மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவள் பின்னாலேயே திரிந்து அவளை மேலும் களைப்பாக்காதே. அவளுக்கு நீ அழகாகப் பேசவேண்டியதில்லை. அவள் அசிங்கமாகப் பேசும்போது உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அது உன்னால் முடியுமா என்று நீயே பார்த்துக்கொள்.

முட்டிக்கு நவம்பரில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் கத்திக்குப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா


பல்லாரட்,
19 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் பற்றிப் பயப்படாதே. எங்கள் தெருவில் இரண்டு பேர் செய்துகொண்டு இப்போது வெளுத்துக் கட்டுகிறார்கள்.

பாஸ்கோ வந்து இரண்டு ஜோடியையும் எடுத்துக்கொண்டு போனான். எது ஜெயித்தது என்று அவன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. நாற்காலி ஜன்னலுக்குத் திரும்பிவிட்டது. வீடு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. குழாய் சொட்டுவதெல்லாம் கேட்கிறது.

ஐந்து வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஸ்லேட்டில் மட்டும் பால் வேண்டும், ரொட்டி வேண்டும். செவ்வாய் வகுப்புக்கு மட்டும் தவறாமல் கிளம்பினாள். நானும் காரில் உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டினேன், ஒரு வரி உள்ளே போகவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் கழுத்திலும் துணி. எட்டுப் பேரும் கரகரவென்று பேசிக்கொண்டிருந்தார்கள் அக்கா. லோர்னாதான் அதிகம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சொல்லிக்கொடுக்கிற அம்மா விவரமானவள். "வீட்டுக்காரர்தானே? வந்தவர் சும்மா உட்காரக்கூடாது, நீங்களும் காத்தை முழுங்குங்க" என்று ஒரு டம்ளர் லெமனேட் சோடா கொடுத்தாள். எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். விழுங்கினேன். வெறும் விக்கல்தான் வந்தது. அடுத்த வாரமும் விக்கல். மூன்றாவது வாரம் லோர்னாவின் பெயரைச் சொல்லப் போய், சட்டையெல்லாம் லெமனேட்.

அப்போது லோர்னாவின் தோள் குலுங்கியது. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கிழவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "சிரிக்கிறா, அய்யா" என்றார். அவள் இப்படித்தான் சிரிக்கிறாள் அக்கா. மார்ச்சிலிருந்து எத்தனை தடவை அந்தத் துணி ஆடியிருக்கும், நான் பார்க்காமல் விட்டிருப்பேன்.

காரில் வரும்போது "ஆல்வின்" என்றாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

கேரவனை விற்கவில்லை.

அன்புடன்,
ஆல்வின்


பல்லாரட்,
23 நவம்பர் 1986

அன்புள்ள நெரிடா அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று தந்தி வந்தது. வீட்டுக்கு வந்திருப்பீர்கள். காலை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், மோட்டல் ஓடிப் போகாது.

அன்றைக்கு ஏன் மணியை அடிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கையில் வாங்கிப் பார்த்தேன், பசுமாட்டுக் கழுத்தில் கட்டுகிற மாதிரி இருந்தது. கோபம் வந்துவிட்டது. தைரியம் ஒன்றும் இல்லை, வெறும் கோபம்தான். பிறகு அவர் கத்தியது கேட்டு, நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டதே என்று மணியைப் பிடித்தபடியே நின்றேன். அவர் மண்டிபோட்டுப் பெட்டியில் காதை வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது. அதனால்தான் இரண்டாம் தடவை சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் நான் பேச ஆரம்பித்தால் அவர் முகம் அரை நொடி சுளிக்கிறது. காது அப்படிப் பழகிவிட்டது, அவர் என்ன செய்வார். நான் அதைப் பார்க்கிறேன், நான் பார்ப்பதை அவரும் பார்க்கிறார். பிறகு இரண்டு பேரும் டீ குடிக்கிறோம். இரண்டு பேருக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது நாற்பது வார்த்தைக்கு மேல் வருகிறது, ஒரு நாளில் இருபதையாவது அவரிடம் செலவழிக்கிறேன்.

டேப்பை எரித்துவிடட்டுமா என்று கேட்டார். எதற்கு? நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். தன் குரலை வெளியிலிருந்து கேட்டவர் யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண் பாடுவது எனக்கு எப்போதும் வேறு யாரோ பாடுவது போலத்தான் இருந்தது. இரண்டு ஸ்பீக்கரில் எது நான் என்று கேட்டபோது நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. அது அவருடைய சொத்து, வைத்துக்கொள்ளட்டும். பழைய ஸ்பீக்கரில் எப்போதாவது போடுகிறார். கம்பளிக்குள் பாடினாலும் பரவாயில்லை என்கிறார்.

ஜனவரியில் கேரவனில் வடக்கே கிளம்பலாமா என்று கேட்டேன். "ஜனவரியில வடக்கே போனா வெந்துபோவோம்டி, மே மாசம் போலாம்" என்றார். பல வருஷம் கழித்துச் சண்டை போட்டோம். நான் ஸ்லேட்டைத் தொடவில்லை.

டிசம்பர் ஏழு, முதல் ஞாயிறு. எங்கள் ஊர் ஆறு மணிக்குப் போன் பண்ணுங்கள். ஆல்வின் தோட்டத்தில் இருப்பார், நான்தான் அனுப்பிவைப்பேன். நான் எடுப்பேன். காற்றை விழுங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதுவரை ஒன்றும் கேட்காது. பிறகு கரகரவென்று வரும். வைத்துவிடாதீர்கள் அக்கா, லைன் நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள்,
லோர்னா